அக்கரையில் ஒரு நாள்

பினாங்கு என்று சொன்னதும் பலருக்கும் தீவுதான் நினைவுக்கு வரும். உண்மையில் பினாங்கு மாநிலத்திற்கு இரண்டு கரைகள் உண்டு. அக்கரையில் தீவு; இக்கரையில் பெருநிலத்தைச் சேர்ந்த செபராங் பிறை. தீவின் வடகிழக்கு முனையில் மாநிலத் தலைநகரான ஜோர்ஜ்டவுன் அமைந்திருக்கிறது. செபராங் பிறையின் தென்கோடியில், கிரியான் ஆற்றங்கரையில் நிபோங் திபால் இருக்கிறது.

இரண்டு இடங்களுக்கும் மரங்களே பெயர் தந்துள்ளன. மலாய் மொழியில் ‘பினாங்’ என்பது கமுகு, அதாவது பாக்கு மரம். ‘நிபோங்’ என்பது கடலோரச் சதுப்பு நிலத்தில் கூட்டமாக வளரும் முள் நிறைந்த பனை வகை. ‘திபால்’ என்றால் அடர்த்தி. நிபோங் அடர்ந்திருந்த இடமே பின்னர் ஊராயிற்று.

நிபோங் திபால் மக்களுக்குத் தலைநகரம் புதிய இடமன்று. வேலைக்காகவும் மருத்துவத்திற்காகவும் அரசாங்க அலுவலுக்காகவும் அங்குப் போய்வருகின்றனர். 1985இல் திறக்கப்பட்ட பினாங்கு பாலம் 13.5 கிலோமீட்டர் நீளமுடையது. 2014இல் பத்து காவானையும் தீவையும் இணைத்துத் திறக்கப்பட்ட இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர் நீளமுடையது. இவற்றின் வழியே காரில் விரைந்து செல்லலாம்; வேலை முடிந்ததும் விரைந்து திரும்பலாம். அந்நகரைக் காண்பதற்காக உலகின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். அருகில் இருப்பவர்களோ அதற்கென்று ஒரு நாளை ஒதுக்குவது அரிது.

அப்படி ஒதுக்காமலேயே 72 வயதை எட்டிவிட்டவர் ஒரு பாட்டி. பால்மரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பல ஆண்டுகள் பால் வெட்டியவர். சிறு வயதில் தைப்பூசத்தன்று தந்தையின் தோளில் அமர்ந்து வெள்ளி இரதம் பார்த்தது அவருக்கு நினைவிருக்கிறது. பிறகு கணவர் நோயுற்றிருந்தபோது மருத்துவமனைக்குப் போய்வந்த நாள்களும் நினைவிருக்கின்றன. மற்றபடி, அந்த நகரம் அவருக்குப் பேருந்துச் சன்னலுக்கு வெளியே ஓடி மறையும் கட்டடங்கள் மட்டுமே.

பாட்டியை அழைத்துச் செல்ல முன்வந்தவள் படிவம் நான்கில் பயிலும் அவருடைய பேத்தி. பள்ளி விடுமுறையில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தாள். பார்க்க வேண்டிய இடங்களைக் கைப்பேசியில் தேடி, ஒரு தாளில் வரிசையாக எழுதினாள். மொத்தம் 12 இடங்கள். பட்டியலின் உச்சியில் கொடிமலை இருந்தது. வகுப்புத் தோழிகள் பலரும் அங்கே படம் எடுத்துக்கொண்டவர்கள். அவளும் ஒரு முறையாவது மலை இரயிலில் ஏறிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

பட்டியலைப் படித்துக் காட்டியபோது பாட்டி மறுப்பேதும் சொல்லவில்லை. இரண்டே இரண்டு விருப்பங்களை மட்டும் தெரிவித்தார்.

“பாலம் வேணாம் பாப்பா. ஃபெரியில போவோம். எங்கப்பா தண்ணி மேலதானே வந்தாரு. அவரு கால் வச்ச இடத்த ஒரு தடவ பாத்துட்டு வந்துடணும்.”

பாட்டியின் தந்தை 1937இல் தமிழ்நாட்டிலிருந்து ‘ரஜூலா’ என்னும் கப்பலில் வந்தவர். 1926இல் ஓடத் தொடங்கிய அக்கப்பல், ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் தமிழ்நாட்டுக்கும் மலாயாவுக்கும் இடையே ஆயிரக்கணக்கானோரைச் சுமந்தது. அவர் வந்த மறு ஆண்டே, அதாவது 1938இல், தோட்ட வேலைக்குத் தொழிலாளர்களை அனுப்புவதை அன்றைய இந்திய அரசாங்கம் தடை செய்தது. பேத்தி தன் பட்டியலின் கடைசியில் ‘கப்பல் துறை’ என்று எழுதிக்கொண்டாள்.

காலையில் நிபோங் திபால் நிலையத்தில் இருவரும் கொமுட்டர் இரயிலில் ஏறினர். பாட்டியின் கையில் ஒரு துணிப்பை இருந்தது. அதில் புளிச்சோறும் தண்ணீரும் வைத்திருந்தார். “அங்க கடை இல்லையா பாட்டி?” என்று பேத்தி சிரித்தாள். “கடை இருக்கும். பசிக்கிற நேரத்துல கடை பக்கத்துல இருக்கணுமே” என்றார் பாட்டி.

செம்பனைத் தோட்டங்களும் தொழிற்சாலைகளும் மாறி மாறிப் பின்னோக்கி ஓடின. சிம்பாங் அம்பாட், புக்கிட் மெர்தாஜாம் ஆகிய நிலையங்களைக் கடந்து இரயில் பட்டர்வொர்த்தை அடைந்தது. அங்கிருந்து நடந்தே படகுத்துறைக்குச் செல்லலாம். கார்களையும் ஏற்றிச் சென்ற பழைய இரண்டடுக்குப் படகுகளைப் பாட்டி தேடினார். அவற்றின் இடத்தில் 2023 முதல் புதிய படகுகள் ஓடுகின்றன. பயணிகளும் மோட்டார் சைக்கிள்களும் அவற்றில் செல்லலாம்; கார்கள் செல்ல முடியாது.

படகு புறப்பட்டதும் பயணிகள் பலரும் முன்புறத்தில் கூடினர். எதிரே ஜோர்ஜ்டவுன் மெல்ல உயர்ந்து வந்தது. கொம்தார் கட்டடம் எல்லாவற்றுக்கும் மேலாகத் தெரிந்தது. கரையோரத்தில் சீனக் குலத்தினர் நீர்மேல் கட்டிய மரவீடுகள் கால் ஊன்றி நின்றன. பேத்தி விடாமல் படம் எடுத்தாள். பாட்டியோ காற்று குறைவான இடதுபுறத்தில் அமர்ந்து, தெற்கே நீண்டு கிடந்த பாலத்தையும் அதற்கு அப்பால் தெரிந்த ஒரு பச்சைத் திட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரையில் இறங்கி நடந்தபோது முதலில் எதிர்ப்பட்டது மணிக்கூண்டுடன் கூடிய ஒரு வெள்ளைக் கட்டடம். இப்போது அதில் சுங்கத்துறை இயங்குகிறது. 1907இல் கட்டப்பட்டபோது அது இரயில்வே அலுவலகம். அந்தக் காலத்தில் இங்கே பயணச்சீட்டு வாங்கி, படகில் கடலைக் கடந்து, அக்கரையில் உள்ள பிறையில் இரயில் ஏறுவார்கள். பெருநிலத்து இரயில் பாதை தீவுக்கு வரவில்லை.

“இரயில் வராத ஊருல இரயில் ஸ்டேஷனா!” என்று பாட்டி வியந்தார். பிறகு, “பிறைன்னு எங்கப்பா சொல்லுவாரு” என்று தமக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். பேத்தி அதைக் கவனிக்கவில்லை. அவள் பார்வை அடுத்த மணிக்கூண்டின்மேல் இருந்தது.

அந்த மணிக்கூண்டுக்கும் ஒரு கதை உண்டு. விக்டோரியா மகாராணி அரியணை ஏறி 60 ஆண்டுகள் நிறைவடைந்ததைக் கொண்டாடும் பொருட்டு, சியா சென் இயோக் என்ற சீனச் செல்வர் 1897இல் அதை நகருக்கு அளிக்க முன்வந்தார். ஆண்டுக்கு ஓர் அடி என்ற கணக்கில் அதன் உயரம் 60 அடி. கட்டி முடிக்கப்பட்டது 1902இல். மகாராணி அதற்கு முந்திய ஆண்டே மறைந்துவிட்டார்.

மணிக்கூண்டுக்கு அருகில் கார்ன்வாலிஸ் கோட்டை இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த பிரான்சிஸ் லைட் 1786இல் இந்த முனையில்தான் கரையிறங்கினார். நகருக்கு மன்னர் மூன்றாம் ஜோர்ஜின் பெயரையும், கோட்டைக்கு அன்றைய வங்காளத் தலைமை ஆளுநரின் பெயரையும் சூட்டினார். இன்று காணும் செங்கல் மதில் பிற்காலத்தில் எழுந்தது. முதலில் இருந்தது மரத்தாலான வேலி மட்டுமே. அதற்குப் பயன்பட்ட மரம் நிபோங்.

இதைக் கைப்பேசியில் படித்த பேத்திக்குத் துள்ளல் தாங்கவில்லை.

“பாட்டி, இந்தக் கோட்டையை முதன்முதலில் நம்ம ஊர் மரத்தை வச்சுத்தான் கட்டியிருக்காங்க!”

“நம்ம ஊரு மரம்னு எப்படிச் சொல்ற? இங்கயும் நிபோங் வளந்திருக்குமே” என்றார் பாட்டி. தோட்டத்தில் வாழ்ந்தவருக்கு மரங்களைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிபோங் உப்பு நீரைத் தாங்கும் என்பதையும், மீனவர்கள் அதையே கடலில் கம்பமாக நடுவார்கள் என்பதையும் அவர் விளக்கினார். பேத்தியின் கைப்பேசியில் அந்தச் செய்தி இல்லை.

பின்னர் வந்த செங்கல் கோட்டையை எழுப்ப இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் உழைத்தனர். இந்நகரின் தொடக்ககாலச் சாலைகள் பலவற்றிலும் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது. கோட்டை வளாகத்தில் லைட்டின் வெண்கலச் சிலை உள்ளது. நகரின் 150ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1936இல் அது உருவாக்கப்பட்டது. அவருடைய உருவப்படம் எதுவும் கிடைக்காததால், மகனின் சாயலைக் கொண்டு அதை வடித்ததாகச் சொல்வர்.

பாட்டி சிலையை நெடுநேரம் பார்த்தார். “மொகம் தெரியாதவருக்குக்கூட சிலை இருக்கு. செங்கல் சுமந்தவங்க பேரு எங்கயாச்சும் எழுதியிருக்கா பாப்பா?” என்று கேட்டார்.

பேத்தி அங்கிருந்த விளக்கப் பலகைகளைத் தேடிப் பார்த்தாள். ஆளுநர்களின் பெயர்களும் தளபதிகளின் பெயர்களும் இருந்தன. ‘கைதிகள்’ என்ற சொல்லுக்கு மேல் ஒருவருடைய பெயரும் அவள் கண்ணில் படவில்லை. அதன்பின் அவள் எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் கட்டியவர் யார் என்று தேடத் தொடங்கினாள்.

கோட்டையிலிருந்து சிறிது தொலைவில் செயின்ட் ஜோர்ஜ் தேவாலயம் உள்ளது. 1818இல் கட்டி முடிக்கப்பட்ட அது, ஆங்கிலிக்கன் தேவாலயமாகவே கட்டப்பட்டவற்றுள் மலேசியாவின் மிகப் பழையது. அதன் வெண்ணிறத் தூண்களை எழுப்பியதிலும் கைதிகளுக்குப் பங்கு உண்டு. அங்கிருந்து தொடங்கும் சாலை இப்போது ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கிளிங் எனப்படுகிறது. ‘நல்லிணக்கத் தெரு’ என்பது மக்கள் அதற்கு அன்புடன் வைத்த பெயர். தேவாலயத்தைக் கடந்தால் 1800ஆம் ஆண்டுவாக்கில் எழுந்த சீனரின் குவான் இன் கோவில் வருகிறது. வாசலில் ஊதுவத்திப் புகை சுருள் சுருளாக எழுந்துகொண்டிருந்தது. பாட்டி செருப்பைக் கழற்றாமல் வெளியே நின்றபடியே கைகூப்பினார். “எந்தச் சாமியா இருந்தா என்ன” என்றார்.

சற்றுத் தள்ளி, லெபோ குவீனில் மகா மாரியம்மன் ஆலயம் இருக்கிறது. 1833இல் கட்டப்பட்ட அதுவே பினாங்கின் மிகப் பழைய இந்து ஆலயம். துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும் படகு ஓட்டியோரும் கடை வைத்திருந்தோரும் அங்கு வழிபட்டு வந்தனர். நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும் என்று பாட்டி வேகமாக நடந்தார். காலையிலிருந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தவரா இவர் என்று பேத்திக்கு வியப்பாக இருந்தது. பாட்டி ஒரு முழம் மல்லிகை வாங்கி அம்மனுக்குக் கொடுத்தார். தந்தையின் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்தார். அந்தப் பெயரை முழுமையாகப் பேத்தி கேட்டது அன்றுதான்.

ஆலயத்திற்கு அருகிலேயே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். தமிழகக் கரையிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம்களின் தலைவராக விளங்கிய காதிர் முகைதீன் என்ற வணிகர் 1801இல் அதை நிறுவினார். சமூகத் தலைவருக்கு அன்று ‘கப்பித்தான்’ என்ற பட்டம் வழங்கப்பட்டது. ஒரே நடையில் தேவாலயம், சீனர் கோவில், மாரியம்மன் ஆலயம், பள்ளிவாசல் ஆகிய நான்கையும் கண்டுவிடலாம். இத்தகைய சேர்ந்து வாழும் வாழ்க்கையையும், மலாக்கா நீரிணையின் வணிக வரலாற்றையும் கருதியே யுனெஸ்கோ 2008 ஜூலை 7 அன்று ஜோர்ஜ்டவுனையும் மலாக்காவையும் உலக மரபுடைமை நகரங்களாக அறிவித்தது. அந்த நாள் இப்போது பினாங்கு மாநிலத்தின் பொது விடுமுறை.

அடுத்த தெருவின் பெயர்ப்பலகையில் ‘லெபோ பாசார்’ என்றிருந்தது. பழைய தமிழ் மக்கள் அதைக் ‘கடைத் தெரு’ என்றே அழைத்தனர். சேலைக் கடைகள், நகைக் கடைகள், பாத்திரக் கடைகள், மளிகைக் கடைகள் என இன்றும் அந்தப் பெயர் பொருந்துகிறது. பெருஞ்சீரகமும் மல்லியும் வறுபடும் மணம் தெருவெங்கும் பரவியிருந்தது. அருகில் உள்ள லெபோ சூலியா, சோழ மண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களுக்கு வழங்கிய ‘சூலியா’ என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர்கள் தோளில் காவடிபோல் ஒரு கம்பைச் சுமந்து, அதன் இரு முனைகளிலும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு விற்றனர். அந்தக் கம்புக்கு மலாய் மொழியில் ‘கண்டார்’ என்று பெயர். இன்று நாடெங்கும் புகழ்பெற்ற நாசி கண்டாருக்குப் பெயர் வந்தது அப்படித்தான்.

தமிழ் எழுத்துக்கும் இந்நகரில் நெடிய வரலாறு உண்டு. நாகூரைச் சேர்ந்த குலாம் காதிறு நாவலரை ஆசிரியராகக் கொண்ட ‘வித்தியா விசாரிணி’ என்ற தமிழ் இதழ் 1883இல் பினாங்கிலிருந்து வெளிவந்தது. பாட்டியின் தந்தை கப்பல் ஏறுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்தத் தெருக்களில் தமிழ் அச்சாகியிருக்கிறது.

அடுத்து அவர்கள் லெபோ ஆர்மேனியனுக்குப் போனார்கள். மிதிவண்டியில் செல்லும் இரு குழந்தைகளின் சுவரோவியம் அங்கே உள்ளது. லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸகாரெவிச் 2012இல் அதைத் தீட்டினார். மிதிவண்டி உண்மையானது, குழந்தைகள் மட்டுமே ஓவியம். படம் எடுப்பதற்காக நீண்ட வரிசை காத்திருந்தது. கடைகளுக்கு முன்னால் உள்ள ஐந்தடிப் பாதையில் பாட்டி நிழல் பார்த்து உட்கார்ந்துகொண்டார். வெயிலில் காத்திருந்து பேத்தி எடுத்துக்கொண்ட படம், பல்லாயிரம் பேர் ஏற்கெனவே எடுத்த படத்தைப்போலவே இருந்தது. ஆயினும் அவளுக்கு மகிழ்ச்சிதான்.

மணி இரண்டானது. 12 இடங்களில் பாதிகூட முடியவில்லை. கொடிமலைக்குப் போவதென்றால் உடனே பேருந்து ஏற வேண்டும். 1923 முதல் இயங்கிவரும் மலை இரயிலில் விடுமுறை நாள்களில் கூட்டம் அதிகம். ஏறி இறங்குவதற்குள் மாலையாகிவிடும். பாட்டி முழங்காலைப் பிடித்தபடி எழுந்தார்.

“நீ ஆசப்பட்டது மலைதானே பாப்பா? வா, போவோம். அப்பா எறங்கின எடத்த இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்.”

‘இன்னொரு நாள்’ என்ற சொல்லைக் கேட்டதும் பேத்தி தயங்கினாள். 72 ஆண்டுகளாகப் பாட்டிக்குக் கிடைக்காத நாள் அது. கொடிமலை எங்கும் போய்விடாது. தோழிகளோடு பிறிதொரு விடுமுறையில் ஏறலாம். அவள் பட்டியலை மடித்துப் பையில் வைத்தாள். நகருக்குள் கட்டணமின்றி ஓடும் பேருந்தில் பாட்டியை ஏற்றி, மீண்டும் கடற்கரைப் பக்கம் அழைத்து வந்தாள்.

சுவெட்டன்ஹாம் துறையில் ஒரு பெரிய உல்லாசக் கப்பல் நின்றிருந்தது. வெள்ளை மாளிகைபோல் அடுக்கடுக்காக உயர்ந்திருந்த அதைப் பாட்டி அண்ணாந்து பார்த்தார். சுற்றுலாப் பயணிகள் குடையும் தொப்பியுமாக வெளியே வந்துகொண்டிருந்தனர். பாட்டி எதையோ தேடுபவர்போல் அங்குமிங்கும் பார்த்தார். முகத்தில் நிறைவு தெரியவில்லை.

கோட்டையை ஒட்டிய பாடாங் கோத்தா திடலில், கடலைப் பார்த்த ஒரு நிழலில் அமர்ந்து இருவரும் புளிச்சோற்றைப் பிரித்தனர். இரண்டு கவளம் உண்டதும் பாட்டி பேசத் தொடங்கினார்.

“எங்கப்பா சொன்னது இந்த எடம் இல்ல பாப்பா. அவரு சொன்னதுல கோட்டை இல்ல, மணிக்கூண்டு இல்ல, கடைத் தெருவும் இல்ல. ‘ஒரு தீவுல எறக்குனாங்க. சுத்தியும் மரம், நடுவுல கொட்டாய். துணிமணியெல்லாம் வாங்கி அவிச்சாங்க. வரிசையா நிக்க வச்சு டாக்டர் பாத்தாரு. கொஞ்ச நாள் கஞ்சி குடிச்சுக் கெடந்தோம். அப்புறம் படகுல ஏத்திப் பிறையில எறக்கி, இரயிலுல நம்ம ஊருக்குக் கொண்டாந்தாங்க’ன்னு சொல்லுவாரு. தீவுன்னா பினாங்குதானேன்னு நான் நெனச்சுட்டேன்.”

பேத்தி கையிலிருந்த கவளத்தைக் கீழே வைத்தாள். வரலாற்றுப் பாடத்தில் கேட்ட ஒரு பெயர் அவளுக்கு நினைவுக்கு வந்தது. கைகழுவிவிட்டுக் கைப்பேசியில் தேடினாள். ஜெரெஜாக் தீவு. பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்திற்கும் நடுவே உள்ள சிறிய தீவு அது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே தொழுநோயாளிகளுக்கான இல்லம் அமைந்தது. பின்னர் கப்பலில் வருவோரை நோய்ப் பரிசோதனைக்காகத் தங்கவைக்கும் தடுப்பு முகாமும் ஏற்பட்டது. இந்தியாவிலிருந்து கப்பல் தளத்தில் பயணம் செய்துவந்த தொழிலாளர்களை அங்கு இறக்கி, நோய் இல்லை என்று உறுதியான பிறகே தோட்டங்களுக்கு அனுப்பினர். 1969 முதல் 1993 வரை அத்தீவு சிறைச்சாலையாகவும் இருந்தது.

அவள் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாட்டியிடம் காட்டினாள். பினாங்கு பாலத்திற்குத் தெற்கே ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது.

“பாட்டி, தாத்தா அன்றைக்கு ஜோர்ஜ்டவுனில் கால் வைக்கவே இல்லை. இங்கே பாருங்க, அவர் இறங்கினது இந்தத் தீவாகத்தான் இருக்கும். இங்கிருந்து பிறை. பிறையிலிருந்து நிபோங் திபால்.”

பாட்டி கண்களைச் சுருக்கி வரைபடத்தைப் பார்த்தார். “காலையில ஃபெரியிலருந்து பாத்தேனே, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பச்சத் திட்டு, அதுவா?” என்று கேட்டார்.

“அதுதான் பாட்டி.”

இருவரும் சற்று நேரம் பேசவில்லை. காலையில் படகில் இருந்தவர்களில் பலர் நகரத்தை நோக்கி நின்று படம் எடுத்தபோது, பாட்டி மட்டும் அந்தத் தீவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தும் அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. பெயர் தெரிந்த பேத்தியோ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தந்தை சொன்ன கதை பாட்டியிடம் இருந்தது. அக்கதைக்குரிய இடத்தின் பெயர் பேத்தியிடம் இருந்தது. ஒரே வீட்டில் வாழ்ந்தும் அவை இரண்டும் இத்தனை ஆண்டுகளாகச் சந்திக்கவில்லை. ஒரு நாள் முழுவதும் ஒன்றாக நடந்து, ஓர் இடத்தில் அமர்ந்து உண்டபோதுதான் அவை சேர்ந்தன.

சுற்றுலா வழிகாட்டிகள் நகரத்தின் அழகிய முகத்தைக் காட்டுகின்றன. அதில் தவறில்லை, காண்பதற்கு இனியவற்றைக் காணத்தான் பயணம் செய்கிறோம். ஆனால், ஒவ்வொரு நகருக்கும் பட்டியலில் இடம்பெறாத வாசல்களும் உண்டு. ஆளுநர்கள் வந்திறங்கிய துறைக்கு ஆளுநரின் பெயர் இருக்கிறது. தோட்டங்களை உருவாக்கியவர்கள் வந்திறங்கிய கரையோ பாலத்திற்கு அப்பால் மரங்களுக்குள் மறைந்திருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலும் நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள். கேட்பதற்கு ஆள் இருந்தால் அவர்கள் சொல்வார்கள். கேட்காமல் விட்டால் அந்தக் கதை அவர்களோடு போய்விடும்.

மாலையில் திரும்பும் படகில் பேத்தி பாட்டியை வலதுபுறத்தில் அமர்த்தினாள். மேற்கே சாய்ந்த வெயிலில் பாலம் ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தது. அதற்கு அப்பால் ஜெரெஜாக் கருமை படர்ந்த பச்சையாக நீரில் கிடந்தது. காலையிலிருந்து கேட்டுச் சேர்த்தவற்றைப் பேத்தி மறந்துவிடாமல் எழுதத் தொடங்கினாள். கொள்ளுத்தாத்தாவின் முழுப்பெயர், அவர் வந்த ஆண்டு, கப்பலின் பெயர், கஞ்சி, கொட்டகை, பிறை என ஒவ்வொன்றாக எழுதினாள். இடையிடையே பாட்டியிடம் கேள்வி கேட்டாள். தெரிந்ததைப் பாட்டி சொன்னார். தெரியாததற்கு, “அத கேக்காம விட்டுட்டேனே” என்று பெருமூச்சு விட்டார்.

பையிலிருந்து எடுத்த பட்டியலில், பார்த்து முடித்த இடங்களைக் கோடிட்டாள். கொடிமலைக்கும் வேறு சில இடங்களுக்கும் கோடு விழவில்லை. ‘கப்பல் துறை’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அதன் அருகே ‘ஜெரெஜாக்’ என்று எழுதினாள்.

பாட்டி எட்டிப் பார்த்தார். பட்டர்வொர்த் கரை நெருங்கிக்கொண்டிருந்தது.

“ஏன் பாப்பா, அங்க போறதுக்குப் படகு இருக்குமா?”

“விசாரிச்சுச் சொல்றேன் பாட்டி. அடுத்த விடுமுறைக்கு அங்கேதான் போறோம்.”

“அப்படின்னா அன்னிக்கும் புளிச்சோறு கட்டிடுறேன்” என்றார் பாட்டி.